சரியான நேரம்: ஒரு மரம், ஒரு துளை, ஒரே வாய்ப்பு... மேப்பிள் சாறு எடுக்க எப்போது தொடங்குவது?

பான்கேக் மேல் தேன் நிறத்தில் ஊற்றுவார்களே, அந்த மேப்பிள் சிரப்பை ரீல்ஸில் பார்க்காதவர்கள் குறைவு. இப்போது நம்மூர் சூப்பர் மார்க்கெட் அலமாரிகளுக்கும் வந்துவிட்டது. கையில் எடுத்து, விலையைப் பார்த்து, சத்தமில்லாமல் திரும்ப வைத்தவர்களும் உண்டு.

மரத்திலிருந்து வடியும் சாறுதானே, ஏன் இவ்வளவு விலை? முதல் காரணம் எளிது. சுமார் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் சிரப் கிடைக்கும். இரண்டாவது காரணம்தான் இந்த வாரம் நாம் பேசப்போவது. அந்தச் சாறு வருடத்தில் சில வாரங்கள் மட்டுமே வடியும். அந்தச் சில வாரங்கள் எப்போது தொடங்கும் என்று எந்தக் காலண்டரிலும் போட்டிருக்காது. மரத்தில் துளை போடும் நாளை விவசாயியே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு தப்பினால் அதே வருடத்தில் சரிசெய்ய வழியில்லை.

கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ மாகாணங்களிலும், அமெரிக்காவின் வெர்மான்ட், நியூயார்க், மெய்ன் மாநிலங்களிலும் வருடாவருடம் பல ஆயிரம் குடும்பங்கள் எடுக்கும் முடிவு இது.

மரத்துக்குள் என்ன நடக்கிறது?

சிரப்புக்குப் பெயர்போனது 'சுகர் மேப்பிள்' என்ற மரம். கோடையில் இலைகள் தயாரித்த உணவை மாவுச்சத்தாகத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைக்கும். குளிர்காலத்தில் அந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். சாறு பார்ப்பதற்குப் பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அதில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். வாயில் வைத்தால் லேசாக இனிப்பது தெரியும், அவ்வளவே.

இந்தச் சாறு வடிய வேண்டுமானால் இரண்டும் வேண்டும். இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போக வேண்டும். பகலில் பூஜ்ஜியத்துக்கு மேலே ஏற வேண்டும்.

பலர் நினைப்பது, 'வெயில் வந்தால் சாறு வடியும்' என்று. பாதிதான் சரி. இரவில் உறையும்போது மரநார்களுக்குள் இருக்கும் காற்று சுருங்குகிறது. நாரின் உட்சுவரில் பனிக்கட்டி படிகிறது. அதனால் ஏற்படும் உறிஞ்சும் விசையில் வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறுகிறது. பகலில் பனி உருகும்போது சுருங்கியிருந்த காற்று விரிந்து, சாற்றை வெளியே தள்ளுகிறது. எங்கே ஓட்டை இருக்கிறதோ, அங்கே சொட்டுச் சொட்டாக வடிகிறது.

அதாவது, இரவுக் குளிர்தான் சார்ஜ் ஏற்றுவது. பகல் வெயில் அதைச் செலவழிப்பது. இரவிலும் உறையாமல் கதகதப்பாகவே சில நாள் போனால், ஓரிரு நாளில் ஓட்டம் சுணங்கிவிடும். பகலிலும் பூஜ்ஜியத்துக்கு மேலே போகாவிட்டால் ஒரு சொட்டும் வராது. பகலில் 4, 5 டிகிரி செல்சியஸ், இரவில் மைனஸ் 4, 5 டிகிரி என்று மாறி மாறி வந்தால்தான் அவர்களுக்குக் கொண்டாட்டம். கியூபெக்கில் இந்தக் காலத்துக்குத் தனிப் பெயரே உண்டு. பிரெஞ்சில் 'லே தான் தே சுக்ர்' என்பார்கள், சர்க்கரைக் காலம்.

அப்படியானால் முன்கூட்டியே போட்டுவிடலாமே?

இதைக் கேட்டதும் யாருக்கும் தோன்றும் கேள்வி இதுதான். ஜனவரியிலேயே துளை போட்டுவிட்டு, சாறு வரும்போது வரட்டும் என்று இருந்தால் என்ன?

துளைக்கு ஆயுள் உண்டு என்பதுதான் சிக்கல். டிரில் போட்டவுடன் அந்த இடத்துக்குள் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் குடியேறத் தொடங்கும். மரமும் சும்மா இருக்காது. 'இங்கே காயம்' என்று உணர்ந்து அந்தப் பகுதியை உள்ளுக்குள் அடைக்கப் பார்க்கும். வாளி மாட்டிச் சாறு பிடிக்கும் பழைய முறையில் ஒரு துளை நன்றாக வடிவது சுமார் 4 முதல் 6 வாரம். அதற்குப் பிறகு வெளியே அருமையான வானிலை இருந்தாலும் துளை வறண்டுபோகும்.

இங்கே நம் பனையோடு ஒப்பிட்டால் சட்டென்று புரியும். பதநீர் இறக்குகிறவர் பாளையைத் தினமும் சீவிவிடுகிறார். பழைய வெட்டு அடைத்துக்கொண்டாலும் புது வெட்டு கிடைத்துவிடும். மேப்பிளில் அது நடக்காது. சாறு வருவது தண்டின் கட்டையிலிருந்து. துளையைத் தினமும் புதுப்பிக்க முடியாது.

'காய்ந்துவிட்டால் பக்கத்தில் இன்னொரு துளை போட்டால் போச்சு' என்று சொல்லலாம். செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அனுபவசாலிகள் தலையை ஆட்டுவார்கள். காரணம், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மேலும் கீழுமாகக் கட்டை நிறம் மாறி, அந்தப் பகுதியில் சாறு ஓடுவது நிரந்தரமாக நின்றுவிடுகிறது. துளையின் வாய் ஓரிரு வருடங்களில் மூடிவிடும். உள்ளே இருக்கும் அந்தச் செத்த பகுதி மட்டும் அப்படியே இருக்கும். அடுத்த வருடத் துளையை அதற்கு எட்டத்தில் போட வேண்டும். அதற்கடுத்த வருடம் இன்னும் எட்டத்தில். துளை சின்னதுதான், 8 மில்லிமீட்டர் அகலம், 4 முதல் 5 சென்டிமீட்டர் ஆழம். ஆனால் ஒரு மரத்துக்கு வருடம் இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே போனால், பிறகு நல்ல இடம் தேடி மரத்தைச் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

சாறு எடுக்கும் அளவுக்கு, அதாவது தண்டு 25 முதல் 30 சென்டிமீட்டர் குறுக்களவு வரும் அளவுக்கு வளர, ஒரு சுகர் மேப்பிளுக்குச் சுமார் 40 வருடங்கள் ஆகும். தாத்தா வளர்த்ததில் பேரன் சாறு எடுக்கிற கணக்கு. அதனால்தான் நடுத்தர அளவு மரத்துக்கு வருடத்துக்கு ஒரே துளை என்பதில் கறாராக இருக்கிறார்கள்.

தாமதித்தால் என்ன நஷ்டம்?

சரி, அவசரப்பட வேண்டாம், மார்ச் கடைசி வரை பொறுத்திருப்போம் என்றால்? அதற்கும் விலை உண்டு.

பருவத்தின் தொடக்கத்தில் வரும் சாற்றில் பொதுவாகச் சர்க்கரை கூடுதலாகவும் கிருமி குறைவாகவும் இருக்கும். அதிலிருந்துதான் வெளிர்பொன் நிறத்தில் மென்மையான சிரப் கிடைக்கும். கடைகளில் 'கோல்டன்' என்று எழுதியிருப்பது இதுதான். நாள் போகப் போக வெயில் ஏறி, கிருமிகள் பெருகி, சாற்றில் இருக்கும் சர்க்கரையைச் சிதைக்கும். அதைக் காய்ச்சும்போது நிறம் கறுக்கும், சுவையும் அழுத்தமாகும். தாமதமாகத் தொடங்கியவருக்கு அந்த முதல் ஓட்டம் போனது போனதுதான்.

அதோடு, முடிவுத் தேதி யார் கையிலும் இல்லை. வெயில் ஏறி மரத்தில் மொட்டு உப்பத் தொடங்கினால் சாற்றின் ரசாயனமே மாறிவிடும். காய்ச்சினால் ஒரு மாதிரி வாடையும் விரும்பத்தகாத சுவையும் வரும். துளையில் சாறு வந்துகொண்டிருந்தாலும் சிரப்புக்கு ஆகாது. வசந்தத்தின் குட்டித் தவளைகள் கத்த ஆரம்பித்தால் கதை முடியப்போகிறது என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். அந்தக் கடைசி வடிப்புக்கு 'தவளை ஓட்டம்' என்றே பெயர்.

முன்னே போனால் துளை காய்ந்துவிடும் பயம். பின்னே போனால் முதல் ஓட்டத்தை இழக்கும் பயம். ஒரு வருட வருமானத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு பயங்களுக்கு நடுவில் நிற்கிறது.

முன்னோர்கள் எப்படிக் கணித்தார்கள்?

ஐரோப்பியர்கள் வருவதற்கு வெகு முன்பே, அங்குள்ள பூர்வகுடிகள் மேப்பிள் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை செய்திருக்கிறார்கள். அனிஷினாபே மக்களின் மாதக் கணக்கில் சர்க்கரை காய்ச்சும் நிலா என்றே ஒரு மாதம் உண்டு. குளிர்காலத்தில் தனித்தனியாக இருந்த குடும்பங்கள், சர்க்கரை காய்ச்சும் இடத்தில் ஒன்றுகூடும் காலம் அது.

வெர்மான்ட்டில் குடியேறியவர்கள் தங்களுக்கு ஒரு தேதி வைத்துக்கொண்டார்கள். மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை. ஊர்க்கூட்டம் கூடும் நாள். நம்மூர் கிராம சபை மாதிரி, ஊர் மக்கள் கூடி வரவு செலவு பேசி வாக்களிக்கும் நாள். 'ஊர்க்கூட்டத்துக்குள் துளை போட்டிருக்க வேண்டும்' என்பது அங்கே தலைமுறைகளாக வந்த வழக்கம்.

தேதியோடு அடையாளங்களையும் பார்த்தார்கள். மரத்தடியைச் சுற்றி மட்டும் பனி உருகி வட்டமாகக் குழி விழுகிறதா? ஒடிந்த மேப்பிள் கிளை நுனியில் சாறு உறைந்து தொங்குகிறதா? சிவப்பு அணில்கள் பட்டையைக் கடித்துவிட்டுப் போய், சாற்றில் தண்ணீர் காய்ந்த பிறகு திரும்ப வந்து மிஞ்சிய இனிப்பை நக்குகின்றனவா? அணில் நக்க ஆரம்பித்துவிட்டால் மரத்தில் ஓட்டம் ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

இப்போது ஏன் குழப்பம் கூடியிருக்கிறது?

அந்தப் பழைய தேதி இப்போது நம்பும்படி இல்லை. பிப்ரவரியில், சில வருடம் ஜனவரியிலேயே, நாலைந்து நாள் கதகதப்பு வந்து சாறு ஓடத் தொடங்கிவிடுகிறது. மார்ச் வரை பொறுத்தவர்கள் பக்கத்துத் தோப்புக்காரரின் கொப்பரையில் ஆவி பறப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாகிறது.

2012-ல் நடந்ததை அங்கே இன்னும் பேசுகிறார்கள். அந்த மார்ச்சில் வடகிழக்கு அமெரிக்காவில் கோடை மாதிரி வெயில் அடித்தது. வெர்மான்ட்டில் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மொட்டுகள் உப்பின. பருவம் பாதியில் முடிந்தது. அந்த வருடம் அமெரிக்காவின் மொத்த சிரப் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சரியாகக் கணித்தவர், தவறாகக் கணித்தவர் என்ற வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அடி. ஆனால் சீக்கிரம் துளை போட்டிருந்தவர்களுக்கு முதல் ஓட்டமாவது கையில் இருந்தது.

உலக மேப்பிள் சிரப்பில் சுமார் 70 சதவீதம் கியூபெக்கிலிருந்து வருகிறது. ஒரு வசந்தம் கைவிட்டால் உலகச் சந்தையே ஆடும் என்பதால், அங்குள்ள உற்பத்தியாளர் அமைப்பு 2000-ம் ஆண்டிலிருந்து சிரப்பை பீப்பாய் பீப்பாயாகக் கையிருப்பில் வைக்கிறது. நம்மூரில் நெல், கோதுமை சேமிப்பதைப் போல. 2011-12ல் அந்தக் கையிருப்பிலிருந்து சுமார் 3,000 டன் திருடுபோனது. மதிப்பு சுமார் 1.8 கோடி கனடா டாலர்! 2021-ல் வசந்தம் குறுகிப்போய் விளைச்சல் குறைந்தபோது, இருப்பில் ஏறக்குறைய பாதியை, சுமார் 5 கோடி பவுண்டு எடையுள்ள சிரப்பை, வெளியே விட்டுத்தான் சமாளித்தார்கள்.

பெரிய தோப்பு, சின்ன தோப்பு... ஒரே பதில் இல்லை

'எப்போது தொடங்குவது?' என்ற கேள்விக்கு வானிலை மட்டும் பதில் சொல்லாது. 'உங்களிடம் எத்தனை துளைகள்?' என்ற கேள்வியும் சேர்ந்துதான் பதில் சொல்லும்.

50,000 துளைகள் போட வேண்டிய ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் பனியில் மரம் மரமாக நடந்து, டிரில் போட்டு, குழாய்முனையைத் தட்டிச் செருகி முடிக்கவே பல வாரம் ஆகும். வானிலை அழைக்கும்வரை அவரால் காத்திருக்க முடியாது. அதனால் பெரிய தோப்புக்காரர்கள் ஜனவரியிலேயே, சிலர் டிசம்பரிலேயே தொடங்கிவிடுகிறார்கள். அவர்களுக்குக் கைகொடுப்பது தொழில்நுட்பம். மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் டியூப் இழுத்து, வாக்யூம் பம்ப் வைத்து உறிஞ்சுகிறார்கள். வருடாவருடம் குழாய்முனையைப் புதிதாக மாற்றுகிறார்கள். மரம் உறையும்போது, டியூபில் இருக்கும் பழைய சாற்றைத் துளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதோடு கிருமியும் உள்ளே போகும். இதைத் தடுக்க, குட்டிப் பந்து வைத்த ஒருவழிக் குழாய்முனையை வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் ப்ராக்டர் மேப்பிள் ஆய்வு மையம் உருவாக்கியது. சுத்தம் கூடக் கூடத் துளையின் ஆயுள் சில வாரம் நீள்கிறது. கடுங்குளிரில் கிருமி வளர்ச்சியும் மந்தம் என்பதால், சீக்கிரம் போட்ட துளையும் தாங்குகிறது.

வீட்டுத் தோட்டத்தில் மூன்று மரம் வைத்திருப்பவரின் கணக்கு நேர் எதிர். அவரிடம் வாக்யூம் இல்லை, வாளிதான். துளையின் ஆயுள் குறைவு. ஆனால் மூன்று துளை போட அரை மணி நேரம் போதும். காத்திருக்க முடிவதுதான் அவருடைய பலம். பெரிய தோப்புக்காரர் தொடங்கிவிட்டார் என்று இவரும் டிரில்லைத் தூக்கினால், அந்தப் பலத்தைத் தானே விட்டுக்கொடுத்தது மாதிரி.

கனடாவில் இருக்கிறீர்களா? இதைக் கவனியுங்கள்

டொரன்டோ, ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் நம் சொந்தங்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். மார்ச் வந்தால் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்தே மேப்பிள் தோப்புக்கு அழைத்துப் போவார்கள். சூடான பாகைப் பனிமேல் ஊற்றி, குச்சியில் சுருட்டிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் 'நம்ம வீட்டு மரத்துலயும் எடுக்கலாமா?' என்று கேட்பார்கள். சொந்த இடத்தில் மேப்பிள் மரம் இருந்தால், தாராளமாக எடுக்கலாம். பூங்கா, தெருவோர மரங்களில் அனுமதியில்லாமல் கை வைக்க வேண்டாம்.

* மரத்தை இலையுதிர் காலத்திலேயே அடையாளம் பார்த்து ரிப்பன் கட்டிவையுங்கள். பிப்ரவரியில் ஒரு இலையும் இருக்காது.

* தண்டு குறைந்தது 25 முதல் 30 சென்டிமீட்டர் குறுக்களவு இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன மரத்தை விட்டுவிடுங்கள்.

* பிப்ரவரி நடுவிலிருந்து வானிலை ஆப்பில் அடுத்த ஒரு வாரம், பத்து நாளைப் பாருங்கள். ஒருநாள் வெயிலை நம்ப வேண்டாம். பகல் பூஜ்ஜியத்துக்கு மேல், இரவு பூஜ்ஜியத்துக்குக் கீழ் என்று தொடர்ச்சியாக நாலைந்து நாள் தெரிந்தால் தயாராகுங்கள்.

* இரண்டு நாள் கதகதப்பு, பிறகு இரண்டு வாரம் கடுங்குளிர் என்று காட்டினால் பொறுத்திருங்கள். அந்த இரண்டு நாள் சாற்றுக்காகத் துளையின் ஆயுளைச் செலவழிக்க வேண்டாம்.

* கட்டை உறைந்து கல் மாதிரி இருக்கும் நாளில் டிரில் போட்டால் வெடிப்பு விழலாம். பூஜ்ஜியத்துக்கு மேல் உள்ள பகலில் போடுங்கள்.

* வெயில் படும் தெற்குப் பக்கம் முதலில் வடியத் தொடங்கும். ஆனால் போன வருடத் துளைக்குப் பக்கத்திலேயே போடாதீர்கள்.

* சாறு பால் மாதிரி, வெளியே வைத்தால் கெடும். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் காய்ச்சிவிடுங்கள். காய்ச்சுவது வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். 40 லிட்டர் தண்ணீரில் 39 லிட்டர் ஆவியாகப் போகும். சமையலறைச் சுவர் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

* பாகு பதம் பார்ப்பதில் நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெர்மாமீட்டர் இருந்தால், தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடும்போது சிரப் பதம்.

முடிவு எடுத்த பிறகு?

இந்தத் தொழிலைப் பற்றிப் படித்ததில் எனக்குப் பிடித்தது ஒன்று. துளை போட்ட தேதி சரியா தவறா என்பது பருவம் முடிந்த பிறகுதான் தெரியும். தவறு என்று தெரிந்தாலும், இன்னொரு துளை போட்டு இந்த வருடக் கணக்கைச் சரிக்கட்டுவதற்குப் பதிலாக, குழாய்முனையைக் கழற்றிவிட்டு மரத்தை ஆறவிடுகிறார்கள். குறைந்த லிட்டரோடு வீடு திரும்புகிறார்கள். இந்த வருடத்து நஷ்டத்தை மரத்தின் தலையில் கட்டாமல் இருப்பதால்தான் ஒரே மரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சாறு எடுக்க முடிகிறது.

அடுத்த முறை கடையில் அந்த பாட்டிலைப் பார்த்தால் லேபிளைப் படியுங்கள். 'பான்கேக் சிரப்' என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் சோளச் சர்க்கரைப் பாகு, மேப்பிள் மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'ப்யூர் மேப்பிள் சிரப்' என்று இருந்தால் நிறத்தைப் பாருங்கள். வெளிர்பொன் நிறமென்றால், பெரும்பாலும் பனி முழுதாக உருகாத நாளில் வடிந்த முதல் ஓட்டம். அடர் பழுப்பு என்றால், அநேகமாகத் தவளை கத்துவதற்குச் சற்று முன் பிடித்த சாறு.

அடுத்த வாரம் வேறொரு தொழில், வேறொரு 'எப்போது?' கேள்வியோடு சந்திப்போம்!